சத்தம் யார் பேச்சைக் கேட்கிறது?

போடி, கம்பம் பக்கம் விடியற்காலையில் நின்றால், ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு இடுக்கி மலைக்குக் கிளம்பும் ஜீப்புகளைப் பார்க்கலாம். சூரியநெல்லியிலிருந்து கொளுக்குமலைக்குச் சுற்றுலாக்காரர்களைக் குலுக்கிக்கொண்டு போவதும் இதே இனம்தான். 1940-களின் இறுதியில் மும்பையில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பைத் தொகுத்து விற்கத் தொடங்கியது. அந்த வம்சத்தில் வந்த வண்டிகளுக்கும், 1985-ல் வந்த மாருதி ஜிப்சிக்கும் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ். அதிலிருந்து முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட். இரண்டு ஆக்சிலிலும் கிரௌன்-பினியன் என்ற பல்சக்கர ஜோடி. சாதாரணக் காரில் ஒரு சத்தம் கிளம்பினால் சந்தேகப்பட நாலு இடம் இருக்கும் என்றால், இதில் பத்து இடம்.

பட்டறையில் காசு கரைவது இங்கேதான். “கிராஸ் போயிடுச்சு சார்” என்பார்கள்; ஷாஃப்ட் முனையில் உள்ள யூனிவர்சல் ஜாயிண்டின் சிலுவைத் துண்டைத்தான் சொல்கிறார்கள். மாற்றுவோம், சத்தம் போகாது. அடுத்து பேரிங், அப்புறம் கிரௌன்-பினியன். கை தேர்ந்த மெக்கானிக் அப்படி ஆரம்பிப்பதில்லை. முதலில் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போவார். சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, அது எதற்குக் கட்டுப்படுகிறது என்று பார்ப்பார். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்திருப்பது. பள்ளி ஆய்வகத்தில் சொல்லித் தரும் அதே முறை.

உதாரணமாக, ஒரே வேகத்தில் போய்க்கொண்டே கியரை மட்டும் மாற்றுங்கள். சத்தமும் மாறினால் கோளாறு என்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ் பக்கம். மாறாவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் உள்ளவைதான் சந்தேகத்துக்குரியவை. அடுத்து ஆக்சிலரேட்டர். மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டு, காலை எடுத்ததும் அடங்கினால் கிரௌன்-பினியன் பல்லின் இழுக்கும் முகம் தேய்ந்திருக்கலாம், அல்லது பல்லும் பல்லும் உட்காரும் இடைவெளி பிசகியிருக்கலாம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமினால் அது பெரும்பாலும் பேரிங். ஆளில்லாத அகலமான ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாக இடப்பக்கம் வளைத்துப் பாருங்கள். பாரம் வலது சக்கரங்களுக்குப் போகும். அப்போது உறுமல் ஏறினால் வலது பக்க வீல் பேரிங்கைப் பிடித்துவிடலாம்.

கியர் பாக்ஸா, அதற்கு வெளியேவா என்று தீர்மானிக்க ஜீப்பில் இன்னொரு வசதியும் உண்டு. சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரை நியூட்ரலில் வையுங்கள். பிறகு கியர் போட்டு கிளட்சை விடுங்கள். வண்டி நகராது, கியர் பாக்ஸ் மட்டும் சுழலும். இப்போதும் சத்தம் வந்தால் ஷாஃப்டையும் ஆக்சிலையும் விட்டுவிடலாம்.

அதிர்வு என்றால் கணக்கே துப்பு கொடுக்கும். 70 செ.மீ. விட்டமுள்ள டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அது வினாடிக்கு ஏழெட்டு முறை சுற்றும். கிரௌன்-பினியன் விகிதம் நாலுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஷாஃப்ட் வினாடிக்கு 30 முறை சுற்றும். ஆக, மெதுவாக உலுக்கினால் டயரோ ரிம்மோ. சீட்டுக்கு அடியில் விர்ரென்று நடுங்கினால் ஷாஃப்ட். உடம்பால் பிரித்தறிய முடியாதவர்களுக்கு, ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி இருக்கிறது. ஓட்டுபவர் ஓட்டட்டும், பக்கத்தில் இருப்பவர் செல்போனை வண்டித் தளத்தில் வைத்தால், வினாடிக்கு எத்தனை அதிர்வு என்று அது காட்டிவிடும்.

வினாடிக்கு 60 என்று காட்டினால்? அதாவது ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு இரண்டு அதிர்வு. இது யூனிவர்சல் ஜாயிண்டின் கைரேகை. 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த இந்த ஜாயிண்டில் ஒரு பிறவிக் குணம் உண்டு: வளைந்த நிலையில் சுழலும்போது, உள்ளே போகும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே வரும் வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும். வளைவு 10 டிகிரி என்றால் ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம். 20 டிகிரி என்றால் ஆறு சதவீதம். அதனால்தான் ஷாஃப்டின் முனைக்கொரு ஜாயிண்ட். இரண்டும் ஒரே கோணத்தில், ஒரே நேர்கோட்டில் இருந்தால் ஒன்றின் தள்ளாட்டத்தை மற்றது சரிக்கட்டிவிடும்.

இந்தச் சமநிலையை நாமே இரண்டு வழிகளில் கெடுக்கிறோம். பெரிய டயர் போட ஆசைப்பட்டு வண்டியைத் தூக்கிக் கட்டுவது ஒன்று. ஒரு முனையின் கோணம் ஒரு மாதிரியும் மறுமுனையின் கோணம் வேறு மாதிரியும் ஆகிவிடுகிறது. ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது நடுவில் உள்ள ஸ்ப்லைனை ஒரு பல் தள்ளி நுழைத்துவிடுவது மற்றொன்று. கழற்றும் முன் இரு பாதிக்கும் சேர்த்து பெயின்டால் ஒரு கோடு இழுக்க அரை நிமிடம்கூட ஆகாது. புதிய கிராஸ் போட்ட பிறகுதான் வண்டி நடுங்குகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கோட்டைத்தான். கிராஸே போயிருந்தால் அடையாளம் வேறு: மூடியைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி படிந்திருக்கும், மெதுவாக உருளும்போது ‘கீச் கீச்’ என்று ஷாஃப்டின் தாளத்துக்குக் கத்தும். உள்ளே நீடில் பேரிங் கிரீஸில்லாமல் காய்ந்துவிட்டது என்று பொருள்.

பழுதே இல்லாமல் பழுதாகத் தெரிவதும் உண்டு. இந்த வண்டிகளில் ஃபோர் வீல் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் இறுகப் பிணைந்துவிடும். இடையில் வேக வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கும் டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தின்றுவிடும். தார் ரோட்டில் வழியில்லை, ஷாஃப்டுகள் முறுக்கேறிக்கொள்ளும். ஸ்டியரிங் கனக்கும், யாரோ பிரேக் பிடிப்பது போல வண்டி தடுக்கும், லீவர் திரும்பி வராது. முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்றால் நேர் ரோட்டிலேயே இது நடக்கும். நான்கு மில்லிமீட்டர் தேய்மானம் போதும்: ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டும் சுமார் ஐந்து சுற்று வேறுபட்டுவிடும். டிரான்ஸ்ஃபர் கேஸ் மாட்டிக்கொண்டது என்று பயந்து அதைப் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். நேராகச் சில அடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து லீவர் தானாக வந்துவிடும். பழைய மேனுவல் கியர் சுபாரு போன்ற எப்போதும் ஃபோர் வீலில் ஓடும் கார்களில் இந்த வித்தியாசத்தை விஸ்கஸ் கப்ளிங்கில் உள்ள சிலிக்கோன் திரவம் தாங்குகிறது. டயர் பொருந்தாமல் வருடக்கணக்கில் ஓட்டினால் அது சூடேறிக் கெட்டு இறுகிவிடும். அங்கே ரிவர்ஸ் உதவாது, செலவுதான்.

நான் பார்த்த வரையில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் சாமான் ஆக்சில் மேல் இருக்கும் பிரீதர். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். ஓடிச் சூடான ஆக்சிலுக்குள் விரியும் காற்று இதன் வழியாக வெளியேற வேண்டும். மண் அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். நாம் சீலை மாற்றிக்கொண்டே இருப்போம். ஓடையில் இறங்கினால் இதற்கு நேர்மாறு. 80 டிகிரி சூட்டில் இருந்த ஆக்சில் 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் உள் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு வரை குறையும். சீல் இடுக்கு வழியே தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். டிரெயின் பிளக்கைத் திறந்து ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறதா பாருங்கள். காந்தப் பிளக்கில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருந்தால் அது வயதுக்கேற்ற தேய்மானம். விரலில் உறுத்தும் உலோகச் சில்லு வந்தால் வண்டியை அன்றே நிறுத்துங்கள்.

இதையெல்லாம் சோதிக்க வண்டிக்கு அடியில் போக வேண்டியிருக்கும். பழைய வில்லிஸ் வகை ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால், ஷாஃப்ட் நின்றிருந்தாலும் டிஃபரென்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கமும் தரையில் உள்ள சக்கரம் மறுபக்கமும் உருளலாம். வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். ஆகவே ஹேண்ட் பிரேக்கை நம்பாதீர்கள். தரையில் உள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்த பிறகே உள்ளே படுங்கள்.