மாயா எடுத்த மாயா

பாப் உலகம் எம்.ஐ.ஏ. என்று அழைக்கும் மாயா என்கிற மாதங்கி அருள்பிரகாசம், பாடகியாவதற்கு முன் ஆவணப்படம் எடுக்க ஆசைப்பட்டவர். 1975-இல் லண்டனில் பிறந்து, குழந்தையிலேயே இலங்கைக்குப் போய், போருக்குத் தப்பி மறுபடியும் லண்டனுக்கே அகதியாக வந்தவர். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் திரைப்படம் படித்தார். கேமராவும் கையுமாகவே திரிந்தார்.

பல வருடங்களாகச் சேர்ந்த அந்த வீடியோ நாடாக்களைக் கல்லூரித் தோழர் ஸ்டீவ் லவ்ரிட்ஜிடம் ஒப்படைத்தார். 2018-இல் வெளியான 'மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.' அவற்றிலிருந்து லவ்ரிட்ஜ் இயக்கிய படம். அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியான சூப்பர் பௌலின் மேடையில் 2012-இல் மாயா நடுவிரல் காட்டிய சர்ச்சையும் இதில் உண்டு. ஆனால் 2001-இல் இலங்கை சென்று உறவினர்களை அவரே படம்பிடித்த காட்சிகள்தாம் நெஞ்சைத் தொடுகின்றன.

சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் சிறப்பு விருது பெற்ற இப்படத்தை மாயா அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தார். தான் எடுத்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று வெளிப்படையாகவே சொன்னார்.