பில் போடும் இடத்தில் உஷார்! "கூடுதல் வாரண்டி" கொக்கி

முள்ளிப்பட்டு,

ஆரணி பக்கம் முள்ளிப்பட்டில் பட்டுத்தறியில் உட்காருகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். சேலை விலை ஒன்று. கடையில் பில் போடும்போது அதன் மேல் ஏறுவது வேறு. "பால்ஸ் அடிக்கணுமா? குஞ்சம் கட்டணுமா?" என்று கேட்டே தொகையை ஏற்றி விடுவார்கள்.

அதே நெசவாளி பிரிட்ஜ் வாங்கப் போனால்? அங்கே அவரிடமே கொக்கி போடுகிறார்கள்!

"3 வருஷம் கவலை இல்லை"

விலை பேசி முடிந்து, பணத்தை எண்ணும் நேரம். "அண்ணே, இன்னும் 2 ஆயிரம் போட்டா 3 வருஷம் கவலையே இல்லை" என்பார் கவுண்டர்காரர். பின்னால் கியூ. பக்கத்தில் வீட்டு அம்மா. "சரி, போடுப்பா" என்றுதான் வாயில் வரும்.

சூட்சுமம் இங்கேதான். முதல் வருஷம் கம்பெனி வாரண்டி சும்மாவே உண்டு. கூடுதல் வாரண்டி பெரும்பாலும் அது முடிந்த பிறகுதான் தொடங்கும். கம்பிரசருக்கு பல கம்பெனிகள் தனியாக நீண்ட வாரண்டி தருகின்றன. ஆகவே, "3 வருஷத்தில் கம்பெனி வருஷமும் சேர்த்தியா? எந்தப் பாகத்துக்கு கிடையாது? ரிப்பேர் செய்யப் போவது யார்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

கவுண்டர் பையனைத் திட்டிப் பயன் இல்லை. "இத்தனை விற்கணும்" என்று அவன் தலையிலும் டார்கெட் இருக்கும்.

3 ரூபாய் வழக்கு

கேட்காமலே பில்லில் ஏற்றி விட்டால்? 3 ரூபாய்க்காக கோர்ட்டுக்குப் போனவர் உண்டு.

2019-ல் சண்டிகார் பாட்டா கடையில் ஷூ வாங்கியவரிடம், காகிதப் பைக்கு 3 ரூபாய் வசூலித்தார்கள். அவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். கடைக்கு 9 ஆயிரம் ரூபாய் தண்டம்!

2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம், வேறொரு கடை வழக்கிலும் இதையே சொன்னது. முன்கூட்டி தெரிவிக்காமல், பணம் கட்டும் இடத்தில் பைக்கு காசு கேட்பது முறையற்ற வணிகம் என்று தீர்ப்பு கூறியது.

எங்கே புகார்?

பொருளை சென்னையில் வாங்கினாலும், முள்ளிப்பட்டுக்காரர் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். குடியிருக்கும் இடத்தில் புகார் செய்ய 2019-ம் ஆண்டு சட்டம் வழி செய்து இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் போனில் சொல்ல: 1915.

எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். அதில் வாரண்டிக்கு எவ்வளவு என்று தனி வரியாக இருக்கிறதா என்று, கவுண்டரை விட்டு நகரும் முன்பே பார்த்து விட வேண்டும்.