பள்ளிக்கு ஓர் இழைப்புளி வாங்கும்போது

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் ஒவ்வொரு மாணவரும் தச்சு, மின்பணி, தோட்டம், மண்பாண்டம் போன்ற கைத்தொழில்களைத் தொட்டுச் செய்து பழக வேண்டும் என்கிறது தேசியக் கல்விக் கொள்கை 2020. இந்த வகுப்புகளுக்குள் பத்து நாள்கள் புத்தகப் பை இல்லாமல் உள்ளூர்த் தொழிலாளர்களிடம் நேரில் கற்கவும் அது வழி சொல்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்திற்கு மாறியபின் இது நம் அன்றாட வேலையாகிவிட்டது. ஆறாம் வகுப்பிற்கான 'கௌஷல் போத்' நூலின் மூன்று பிரிவுகளில் ஒன்று, இயந்திரங்களோடும் பொருள்களோடும் செய்யும் பணி. தச்சு வேலை இந்தப் பிரிவில் அடங்கும்.

அப்படியானால் கருவி வாங்கும் பொறுப்பும் ஆசிரியரிடம் வருகிறது. சுத்தியல், ரம்பம், மூலைமட்டம் ஆகியவற்றை வாங்குவதில் பெரிய குழப்பம் இல்லை. இழைப்புளியில்தான் நாம் தடுமாறுகிறோம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். பட்டியலில் ஒரே பெயர் இருக்கும். விலை மட்டும் பல மடங்கு வேறுபடும். வாங்கி வந்தபின் அது மரத்தைச் சீவாமல் பிய்த்தால், இரண்டாம் நாளே அலமாரிக்குள் போய்விடும். பிறகு தணிக்கையின்போதுதான் வெளியே வரும்.

எனவே பிள்ளைகளின் கைக்கு ஏற்ற சிறு இழைப்புளியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இக்கட்டுரையில் பார்ப்போம். கடையில் 'பிளாக் பிளேன்' என்று கேட்டால் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

ஏன் சிறியது?

நம் ஊர்த் தச்சர்கள் பல தலைமுறைகளாகப் பயன்படுத்துவது மரக்கட்டையில் பிளேடைச் செருகி ஆப்பு அடித்த இழைப்புளி. அதற்கு இணையாக இரும்பில் வந்தது நான்காம் எண் இழைப்புளி. இது ஏறத்தாழ 10 அங்குல நீளம், 50 மி.மீ. அகல பிளேடு, ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை கொண்டது. இரண்டு கைகளாலும் பிடித்து, உடல் எடையைக் கொடுத்துத் தள்ள வேண்டும். பதினோரு வயதுப் பிள்ளைக்கு இது எளிதல்ல.

சிறு இழைப்புளியின் நீளம் 6 முதல் 7 அங்குலம். பிளேடின் அகலம் 35 முதல் 41 மி.மீ. எடை பெரியதில் பாதிக்கும் குறைவு. உள்ளங்கைக்குள் அடங்கும். பலகையின் கூர்முனையை மழுக்குவது, ரம்பத்தால் அறுத்த தலைப்பக்கத்தைச் சீராக்குவது, மழைக்காலத்தில் உப்பிப்போன கதவின் ஓரத்தைச் சீவுவது ஆகியவை இதன் வேலைகள். ஐப்பசி, கார்த்திகையில் மூட மறுக்கும் வகுப்பறைக் கதவும், சீருடையைக் கிழிக்கும் பெஞ்சு ஓரமும் எல்லாப் பள்ளியிலும் உண்டு. பிள்ளைகளின் முதல் வேலை அங்கேயே கிடைத்துவிடும்.

இதனால் ஆகாததையும் சொல்லிவிட வேண்டும். நீண்ட பலகையை முழுவதும் சமமாக்க இது உதவாது. மேடு பள்ளத்தோடு சேர்ந்து இதுவும் ஏறி இறங்கும். அதற்கு நீளமான இழைப்புளிதான் வேண்டும். நம் பள்ளியில் என்ன வேலை செய்யப் போகிறோம் என்று முதலில் எழுதிக்கொண்டால், எதை வாங்குவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

கோணத்தைக் கூட்டிப் பார்ப்போம்

சிறு இழைப்புளியில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பிளேடு அடிப்பாகத்திலிருந்து 20° சாய்வில் படுத்திருக்கும். மற்றதில் 12° தான். பின்னதைக் குறைந்த கோண வகை என்கிறார்கள்.

பெரிய இழைப்புளியில் பிளேடின் தீட்டிய சாய்வு கீழ்நோக்கி இருக்கும். அதனால் பிளேடு படுத்திருக்கும் 45° தான் மரத்தைச் சீவும் கோணமும் ஆகும். சிறு இழைப்புளியில் தீட்டிய சாய்வு மேல்நோக்கி இருக்கும். ஆகவே படுத்திருக்கும் கோணத்தோடு தீட்டிய கோணத்தையும் கூட்ட வேண்டும். பிளேடை 25° தீட்டியிருந்தால்:

20° + 25° = 45°
12° + 25° = 37°

இந்த எட்டு பாகை வித்தியாசம் கையில் நன்றாகத் தெரியும். பலகையின் தலைப்பக்கத்தில் மர நார்கள் துடைப்பத்தின் நுனிபோல் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றைக் குறுக்கே வெட்டத் தாழ்ந்த கோணம் நல்லது. குறைந்த விசை போதும். நார்கள் முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும் மரத்தின் மேற்பரப்பில் நிலைமை வேறு. அங்கே தாழ்ந்த கோணம் நாரைத் தூக்கிப் பிய்த்துவிடும். உயர்ந்த கோணமே பொருந்தும்.

இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு இழைப்புளி தேவையில்லை. 12° வகையில் ஒன்றும், அதற்கு உபரியாக ஒரு பிளேடும் வாங்கினால் போதும். உபரி பிளேடை 38° தீட்டினால் 12 + 38 = 50 ஆகிவிடும். 20° வகையில் எவ்வளவு தீட்டினாலும் 37° வரை இறங்க முடியாது. அதற்கு 17° தீட்ட வேண்டும், அவ்வளவு மெல்லிய முனை உடனே நொறுங்கிவிடும். பள்ளிக்கு ஒன்றே ஒன்று வாங்குவதானால் 12° வகையை நான் பரிந்துரைப்பது இதனால்தான்.

கடையில் பார்க்க வேண்டியவை

ஸ்டான்லி நிறுவனத்தின் எண்களையே வேறு சில நிறுவனங்களும் பின்பற்றுகின்றன. 60½ என்பது குறைந்த கோண வகை. 9½ என்பது வழக்கமான வகை. 110 என்பது ஆழத் திருகு இல்லாத எளிய வகை. எண் எதுவானாலும் பணம் கொடுக்குமுன் கீழ்க்கண்டவற்றைச் சரிபாருங்கள்.

1. வாய். அடிப்பாகத்தில் பிளேடு எட்டிப் பார்க்கும் இடைவெளியை வாய் என்பார்கள். வாயின் முன்விளிம்பு, பிளேடுக்குச் சற்று முன்னால் மரத்தை அழுத்திப் பிடித்து, நார் பிய்ந்து எழாமல் தடுக்கிறது. மெல்லிய சுருளுக்கு வாய் குறுகலாகவும் தடித்த சுருளுக்கு அகலமாகவும் இருக்க வேண்டும். எனவே முன்பகுதியை நகர்த்தி வாயைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ளதையே வாங்குங்கள். 'அட்ஜஸ்டபிள் மவுத்' என்று கேட்டால் புரியும்.

2. ஆழத் திருகு. பிளேடை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகு இது. திசை மாற்றும்போது சிறிது வீணாகச் சுழல்வது இயல்பு. நம் தச்சர்கள் சுத்தியலால் தட்டித் தட்டியே பிளேடைச் சரிசெய்வார்கள். அது பல ஆண்டுப் பழக்கம். புதிதாகத் தொடும் பிள்ளைக்குத் திருகு இருப்பதே நல்லது.

3. அடிப்பாகம். ஓர் இரும்பு அளவுகோலின் விளிம்பை நீளவாக்கில் வைத்து வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முன்முனை, வாயின் முன்விளிம்பு, பின்முனை ஆகிய மூன்றும் கோலைத் தொட வேண்டும். வாயருகே வெளிச்சம் கசிந்தால் வேறொன்றை எடுக்கச் சொல்லுங்கள். மற்ற இடங்களில் சிறு பள்ளம் இருந்தால் பாதகமில்லை.

4. பக்கவாட்டு. மூலைமட்டத்தை வைத்து, பக்கச் சுவர் அடிப்பாகத்திற்குச் செங்குத்தாக உள்ளதா என்று பாருங்கள். பலகையின் முனையைச் சரியான செங்கோணத்தில் சீவ, இழைப்புளியைப் பக்கவாட்டில் படுக்கவைத்துத் தள்ளும் முறை உண்டு. அப்போது இது தேவைப்படும்.

5. பிளேடு. இறுக்கும் மூடியைத் திருகியபின் பிளேடு ஆடக் கூடாது. உபரி பிளேடு தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. கைப்பிடிப்பு. வகுப்பில் சிறிய கை உடைய மாணவரின் உள்ளங்கை அளவைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள். பயன்படுத்தப் போகிறவர் அவர்தான்.

பணத்தின் ஒரு பகுதி கூர் தீட்ட

புது இழைப்புளியின் பிளேடு பெரும்பாலும் உடனே வேலைக்கு ஆகாது. நன்றாகத் தீட்டிய பிறகே சீவும். ஒதுக்கிய தொகை முழுவதையும் இழைப்புளிக்கே செலவழித்துவிட்டு, தீட்டுகல்லுக்குப் பணமில்லாமல் நிற்பதைவிட, சற்று விலை குறைந்த இழைப்புளியும் நல்ல தீட்டுகல்லும் வாங்குவது மேல்.

கல் வாங்க முடியாவிட்டாலும் வழி உண்டு. கனமான கண்ணாடித் துண்டின் மேல் நீர்த்தாளை ஒட்டி, 220, 400, 800, 1500 என்ற வரிசையில் தீட்டலாம். முதலில் பிளேடின் சாய்வில்லாத பக்கத்தில், முனையை ஒட்டிய பகுதியைச் சமதளமாக்க வேண்டும். பிறகே சாய்வுப் பக்கம்.

25° சரியாக வந்ததா என்று அறியக் கோணமானி தேவையில்லை. சாய்வின் நீளம் பிளேடின் தடிமனைப்போல் ஏறத்தாழ 2.4 மடங்கு இருந்தால் அது 25°. தடிமன் 3 மி.மீ. என்றால் சாய்வு சுமார் 7 மி.மீ. ஏன் அப்படி என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவர்கள் சைன் மதிப்பைக் கொண்டு விளக்கிவிடுவார்கள்.

கூரைச் சோதிக்க விரலை ஓட்டிப் பார்க்க ஒருபோதும் விடாதீர்கள். செய்தித்தாளின் ஓரத்தை வெட்டிப் பார்த்தால் போதும். இழுக்காமல், கிழிக்காமல் வெட்டினால் சரி.

மரம், துரு, பாதுகாப்பு

முதல் வேலைக்குப் பைன் மரப் பெட்டிப் பலகை, ரப்பர் மரம், மாமரம் போன்றவை ஏற்றவை. ஆரோவில் பகுதியில் 'ஒர்க் ட்ரீ' என்று அழைக்கப்படும் மரமும் நம் பக்கத்தில் கிடைக்கும். சற்றுக் கடினமானது, கை பழகியபின் தரலாம். புயலில் சாய்ந்த மரத்தை அப்படியே அறுத்துக் கொடுக்காதீர்கள். பச்சை மரம் காயும்போது முறுக்கிக்கொள்ளும். பிள்ளை செய்த பொருள் கோணலாகிவிடும். பழைய பலகையாக இருந்தால் ஆணி இருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்த்து நீக்குங்கள். ஓர் ஆணி போதும், பிளேடு வாயிழந்துவிடும்.

தலைப்பக்கத்தைச் சீவும்போது ஒரே மூச்சில் கடைசிவரை தள்ளினால் அந்த ஓரம் பிளந்துவிடும். இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கிச் சீவச் சொல்லுங்கள். பலகையைக் கையால் பிடிக்க வேண்டாம். கிளாம்பு போட்டு மேசையோடு இறுக்கிவிட வேண்டும். வார்ப்பிரும்பு சிமெண்டுத் தரையில் விழுந்தால் விரிசல் விடும். மேசையைச் சுற்றிச் சாக்கு விரித்துவைப்பது நல்லது.

கருவடிக்குப்பம் போலக் கடற்காற்று வீசும் இடங்களில் வார்ப்பிரும்பு விரைவில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் தடவிய துணியால் ஒரு முறை ஒற்றி வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். விடுமுறைக்கு முன் இந்தப் பொறுப்பை இரண்டு மாணவர்களிடம் ஒப்படையுங்கள்.

யாருடைய கைக்கு?

ஓர் இழைப்புளிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று தோன்றலாம். இதில் கருவியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

கைத்தொழில் வழியாகக் கல்வி என்ற கருத்தைக் காந்தியடிகள் 1937இல் வார்தா மாநாட்டில் முன்வைத்தார். அதையொட்டி அமைந்த ஜாகிர் உசேன் குழு பரிந்துரைத்த தொழில்களில் தச்சும் ஒன்று. அதற்கு வெகுமுன்பே, 1866இல், பின்லாந்து கைவேலையைப் பள்ளிப் பாடமாக்கியது. ஆனால் தமிழ் மண்ணில் கைத்தொழில் கல்வி என்றதும் வேறொன்றும் நினைவுக்கு வரும். 1953இல் சென்னை மாநிலத்தில், பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்ற திட்டம் வந்தது. அது குலக்கல்வி என்று கடுமையாக எதிர்க்கப்பட்டு, 1954இல் காமராசர் முதல்வரானபின் கைவிடப்பட்டது. தச்சர் பிள்ளைக்குத்தான் தச்சு என்ற எண்ணத்தை நம் சமூகம் ஏற்கவில்லை.

இன்று நாம் செய்வது அதற்கு நேர்மாறானது. எல்லாப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும், எல்லாத் தொழிலையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறோம். இந்த நோக்கம் மழுங்கிய ஓர் இழைப்புளியால் கெட்டுவிடும். சீவாத கருவியோடு எல்லாப் பிள்ளைகளும் திணறும்போது, வீட்டில் பார்த்துப் பழகிய ஒருவர் மட்டும் எப்படியோ செய்து முடிப்பார். 'அது அவனுக்குத்தான் வரும், நமக்கு வராது' என்று மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். நாம் எதை மறுத்தோமோ அதையே வகுப்பறையில் மெய்ப்பித்ததாகிவிடும். கூர்மையான, சரியாகப் பொருத்திய இழைப்புளி முதல் தள்ளலிலேயே எல்லார் கையிலும் சுருளை உருட்டிவிடும்.

அதனால் வாங்கும் வேலையையே பாடமாக்குவோம். பகுதியில் உள்ள தச்சர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, தம் மர இழைப்புளியையும் நாம் வாங்கிய இரும்பு இழைப்புளியையும் அருகருகே வைத்து விளக்கச் சொல்வோம். மாணவர்கள் கோணங்களை அளந்து குறிக்கட்டும். ஒரே பலகையின் தலைப்பக்கத்தில் 37°, 50° பிளேடுகள் இரண்டையும் ஓட்டிப் பார்த்து, எது எங்கே நன்றாகச் சீவுகிறது என்று தாங்களே எழுதட்டும். கூட்டல், கோணம், ஆப்பு என்னும் எளிய இயந்திரம், உராய்வு ஆகிய நான்கு பாடங்களும் அந்த ஒரு பாடவேளைக்குள் வந்துவிடும். அதற்கடுத்த பாடவேளையில் வகுப்பறைக் கதவைச் சரிசெய்யத் தொடங்கலாம்.