ஆதாரம் எங்கே? – சமயமும் பண்பாடும் ஆராயும் நம் பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள்

தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கான இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, ஒரு பெண் என்னைக் கேட்ட கேள்விதான் முதலில் நினைவுக்கு வந்தது. அடியேன் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். நகரியில் நூல் வியாபாரம். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம், தமிழ்ச் சமணன். கடை சாத்திய பிறகு படித்ததுதான் என் படிப்பு.

அந்தப் பெண் எங்கள் தெருவில் விசைத்தறி வைத்திருப்பவரின் மகள். திருப்பதியில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். சமணர் வரலாறு பற்றிக் கேட்க ஒருநாள் கடைக்கு வந்தாள். நானும் உற்சாகமாக, ஏழாம் நூற்றாண்டில் மதுரையில் எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றினார்கள் என்று ஆரம்பித்தேன். சின்ன வயசில் பாட்டி சொல்லக் கேட்டு நெஞ்சில் முள்ளாய்த் தைத்த கதை அது. பாதியிலேயே அவள், "தாத்தா, இதை முதன்முதலா எழுதி வச்சது யாருங்க? எந்தக் காலத்துல?" என்று கேட்டாள். நாற்பது வருஷமாகச் சொல்லி வந்தவனுக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி சரியான தூக்கம் இல்லை.

எனக்குத் தெரிந்த வியாபாரக் கணக்கை வைத்தே இதை விளக்குகிறேன். அன்றாட வரவு செலவை அன்றன்றைக்கு எழுதுவது சிட்டா. அதை ஆள்வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. வருஷக் கடைசியில் போடுவது ஐந்தொகை. ஐந்தொகையில் சந்தேகம் வந்தால் பேரேட்டைப் புரட்டுவோம். அதிலும் சந்தேகம் என்றால் சிட்டாவுக்குப் போவோம். ஆராய்ச்சியும் அப்படியே. கல்வெட்டு, செப்பேடு, அந்தந்தக் காலத்து இலக்கியம் ஆகியவை சிட்டா. அறிஞர்கள் அவற்றைப் படித்துப் பதிப்பித்த தொகுதிகள் பேரேடு. பிற்பாடு எழுதிய வரலாற்று நூல்கள் ஐந்தொகை. ஐந்தொகை தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் ஐந்தொகையைப் பார்த்து இன்னொருவர் ஐந்தொகை எழுதினால் கணக்கு எங்கே போய் நிற்கும்?

கழுவேற்றக் கதையை இந்த முறையில் பார்த்தேன். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர். அவர் பதிகங்களில் சமணரை இகழும் பாடல்கள் நிறைய உண்டு. எண்ணாயிரவரைக் கழுவேற்றிய செய்தி இல்லை. அதைச் சொல்வது பிற்காலத்து நம்பியாண்டார் நம்பியும், பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணமும். அதாவது சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து, எதிர்த்தரப்பார் எழுதியது. மறுபக்கம் கல்வெட்டைப் பாருங்கள். மதுரையைச் சுற்றியுள்ள ஆனைமலை, கீழக்குயில்குடி முதலான குன்றுகளில் அச்சணந்தி முனிவர் திருமேனிகள் செய்வித்த செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. பழனிக்கு அருகே ஐவர்மலையில் வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு, சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870 என்று காலத்தையே சொல்லி, பார்சுவநாதர் திருமேனியைப் புதுப்பித்ததைக் கூறுகிறது. ஆக, கழுவேறியதாகச் சொல்லப்படும் காலத்துக்கு இருநூறு ஆண்டுக்குப் பின்னும் பாண்டிய நாட்டில் சமணம் உயிரோடு இருந்தது. இரு சமயத்தாரிடையே கடும் பகை இருந்தது உண்மை. எண்ணாயிரம் என்ற கணக்குக்குத்தான் சிட்டா இல்லை. பாட்டி சொன்னதை விட்டுக்கொடுக்க மனசு வலித்தது. ஆனாலும் அந்தப் பெண்ணிடம் இதைத்தான் சொல்லியனுப்பினேன்.

சரி, நம் பகுதியைப் பற்றி எங்கே தேடுவது? முதல் இடறல் மாவட்டப் பெயர். சித்தூர் மாவட்டம் 1911இல்தான் உண்டாயிற்று. அதற்கு முன் நகரியும் திருப்பதியும் வட ஆர்க்காட்டில் இருந்தன. ஆகவே பழைய குறிப்புகளை 'வட ஆர்க்காடு' என்ற தலைப்பில் தேட வேண்டும். காக்ஸ் 1881இல் தொகுத்து, பின்பு ஸ்டூவர்ட் திருத்திய வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் நம் ஊர்கள் வரும். திருத்தணி 1960இல் எல்லை மாற்றத்தால் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய சில பதிவுகளில் அது சித்தூரின் கீழ் இருக்கும். 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இது தெரியாமல் "எங்க ஊருக்கு ஆதாரமே இல்லை" என்று திரும்பி வரும் பிள்ளைகள் பலர்.

இரண்டாவது இடறல் இடப்பெயர். மலைக்குகையில் கல்படுக்கை இருந்தால் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்று ஜனங்கள் பெயர் வைத்துவிடுவார்கள். ஆர்க்காட்டுக்கு அருகிலுள்ள பஞ்சபாண்டவமலை உண்மையில் சமணர் இடம். அதன் கல்வெட்டுகளை வெங்கையா பதிப்பித்தார். சித்தூர் எல்லைக்கு அருகே வள்ளிமலையை நாம் முருகன் வள்ளியை மணந்த தலமாக அறிவோம். அங்கேயே பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களும் கன்னட மொழிக் கல்வெட்டுகளும் உள்ளன. கங்க அரசன் ராசமல்லன் அங்கே சமணப் பள்ளி அமைத்ததை ஒன்று சொல்கிறது. ஹுல்ச் அவற்றைப் படித்து 'எபிகிராபியா இண்டிகா' நான்காம் தொகுதியில் வெளியிட்டார். ஒரே மலையில் இரண்டு சமயத்தாரின் நினைவும் இருப்பதில் தப்பில்லை. ஆய்வாளர் இரண்டையும் எழுத வேண்டும்.

கல்வெட்டு தேடுகிறவர் ரங்காசார்யா 1919இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சென்னை மாகாணக் கல்வெட்டுப் பட்டியலில் ஆரம்பிக்கலாம், மாவட்டவாரியாக இருக்கும். அங்கிருந்து கல்வெட்டு ஆண்டறிக்கைக்கும், அதிலிருந்து 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளில் உள்ள முழுப்பாடத்துக்கும் போகலாம். ஒரு எச்சரிக்கை: '1905ஆம் ஆண்டின் 10' என்று இருந்தால், அது படியெடுத்த வருஷமும் வரிசை எண்ணும். கல்வெட்டு பொறித்த வருஷம் அல்ல. இதில் தடுமாறியவர்களில் நானும் ஒருவன். சமணம் பற்றி என்றால் அ. சக்கரவர்த்தி நயினாரின் தமிழ்ச் சமண இலக்கிய நூல் (1941), மயிலை சீனி. வேங்கடசாமியின் 'சமணமும் தமிழும்' (1954), பி.பி. தேசாயின் தென்னிந்தியச் சமணம் பற்றிய நூல் (1957) மூன்றையும் படித்துவிட்டுத் தொடங்கலாம். பழைய தொகுதிகள் பலவும் இப்போது இணையத்தில் மின்படியாகக் கிடைக்கின்றன.

இனி வீட்டு வாசலில் உள்ள புதையல். திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளைத் தேவஸ்தானத்தார் 1930களில் ஆறு தொகுதிகளாக வெளியிட்டார்கள். சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் உழைப்பு அதில் பெரிது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அக்கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழ். நிலதானம், விளக்கு, திருவமுதுக்கு எத்தனை நாழி அரிசி என்பது வரை எழுதியிருக்கும். திருப்பதியிலுள்ள கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1939இல் தேவஸ்தானத்தாரால் தொடங்கப்பட்டு, பின்னர் வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அங்கே சுவடிகள் உள்ளன. வழிகாட்டிப் பேராசிரியரின் கடிதத்தோடு போனால் வேலை சுலபம்.

நூலகம் மட்டும் போதாது; மனிதர்களையும் கேட்க வேண்டும். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஆராய்ந்தபோது சமண சமயச் செய்திகள் விளங்காமல், கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கே போய்க் கேட்டார். அவர்கள் அந்நூலைப் பாராயணமாகவே படித்து வந்தார்கள். 1887இல் அச்சான பதிப்புக்குப் பின்னால் அந்த வீடுகளும் இருக்கின்றன. சைவர் கேட்டார், சமணர் சொன்னார்கள். தமிழுக்கு ஒரு காப்பியம் மிஞ்சியது. கேட்டு எழுதும்போது யார் சொன்னது, எந்த ஊர், எந்தத் தேதி என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு சிட்டாதான்.

எங்கள் தாத்தா வீட்டுப் பரணில் ஓலைக்கட்டுகள் இருந்தன. செல்லரித்துப் போச்சு என்று வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டார்கள். அதில் என்ன இருந்தது என்று சொல்ல இன்று ஒருவரும் இல்லை. உங்கள் வீட்டில் ஓலை, பழைய பத்திரம், கணக்குப் புஸ்தகம் எது இருந்தாலும் எறிவதற்கு முன் படித்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தப் பெண் தெலுங்கு மீடியத்தில் படித்தவள். தமிழைப் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். திருமலைக் கல்வெட்டு நம் மொழியில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியவில்லை. தெலுங்கும் ஆங்கிலமும் சோறு போடும், அவசியம் படிக்கட்டும். கூடவே வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீட்டில் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுங்கள். அவள் ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் கடைக்கு வந்தாள். முதல் தொகுதியின் ஒரு பக்கத்தை நூல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, தட்டுத் தடுமாறி, முழுசாகப் படித்து முடித்தாள். இப்போது நான் எதைச் சொன்னாலும் "ஆதாரம் எங்கே தாத்தா?" என்கிறாள். எடுத்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த பேச்சு.