போவாசின் வயலும் நமது வேலைத்தலமும்



பெத்லகேமில் வாற்கோதுமை அறுவடைக் காலம். கைம்பெண்ணான ரூத்து, சிந்திய கதிர்களைப் பொறுக்க வயலுக்கு வருகிறார். அவருக்குத் தொல்லை தரலாகாது எனத் தம் பணியாளர்களுக்குக் கட்டளையிடுகிறார் வயலின் உரிமையாளர் போவாசு. தாகத்திற்குத் தண்ணீரும், பந்தியில் இடமும் அளிக்கிறார். கதிர்களை வேண்டுமென்றே விட்டுவைக்கவும், அவரை அதட்டாதிருக்கவும் பணிக்கிறார் (ரூத்து 2). அவர் வழங்கியது பிச்சையன்று. அச்சமின்றி உழைக்கும் வாய்ப்பு.

வீட்டில் கணவனின் அடி உதைகளிலிருந்து தப்பி, மீண்டும் வேலை தேடிவரும் சகோதரிக்கும் அதுவே தேவை. கையில் வருமானம் இல்லாமையே பலரை அடிவிழும் வீட்டிற்குத் திருப்பி அனுப்புகிறது. "பொறுத்துக்கொள், அது உன் சிலுவை" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். வன்முறை இறைவன் தந்த சிலுவையன்று. மனிதர் இழைக்கும் பாவம்.

நீங்கள் கடையோ அலுவலகமோ நடத்துபவரா? 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் வழங்கும் பாதுகாப்புக் கட்டளை, துன்புறுத்துபவர் அவரது வேலைத்தலத்தினுள் நுழைவதையும் தடைசெய்யலாம். அத்தகைய கட்டளை இருப்பின், அவரது சம்மதத்துடன் வாயிற்காவலருக்கு அறிவியுங்கள். வழக்குத் தவணை நாளில் விடுப்பளியுங்கள். சம்பளத்தை அவர் பெயரிலுள்ள கணக்கிலேயே வைப்பிலிடுங்கள். அவர் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் எவர் கேட்டாலும் கூறாதீர்கள். நடந்தவற்றைத் துருவிக் கேளாதீர்கள். மகளிர் உதவிக்கான 1938 என்ற தொலைபேசி இலக்கத்தை அனைவரும் காணுமிடத்தில் ஒட்டிவையுங்கள்.

அந்த வயலில் தாழ்மையோடு கதிர் பொறுக்கிய பெண்ணே தாவீதின் கொள்ளுப்பாட்டியானார். நம் ஆண்டவரின் வம்ச அட்டவணையிலும் இடம்பெற்றார். உங்கள் வாசலில் நிற்பவரை இறைவன் எதற்காக அழைத்திருக்கிறார் என்பதை யாரறிவார்? கதவைத் திறவுங்கள்.