பேலன்ஸ் பைக் வாங்கப் போறீங்களா? வயசை விடுங்க, காலை அளந்து பாருங்க!

இரண்டாவது பிறந்தநாளுக்கு ஆசை ஆசையாக ஆர்டர் போட்ட பேலன்ஸ் பைக் வந்து இறங்குகிறது. அட்டைப் பெட்டியில் '2 முதல் 5 வயது வரை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. குழந்தையைத் தூக்கி உட்கார வைத்தால், கால் விரல் நுனி மட்டும்தான் தரையைத் தொடுகிறது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்ததும் அழுகை. "வேணாம்ப்பா, எறக்கி விடு!" அன்றோடு அந்த பைக் பால்கனிக்குப் போய், துண்டு காயப்போடும் ஸ்டாண்டாக மாறிவிடுகிறது.

'பிள்ளைக்குப் பயம்' என்று வீட்டில் முடிவுகட்டி விடுவார்கள். ஆனால், பெரும்பாலும் தப்பு பிள்ளை மேல் இல்லை, சீட் உயரத்தில்தான்.

பெடல் இல்லாம என்ன சைக்கிள்?

பேலன்ஸ் பைக்கில் இரண்டு சக்கரம், ஒரு சீட், ஒரு ஹேண்டில். பெடலும் செயினும் கிடையாது. குழந்தை சீட்டில் உட்கார்ந்தபடி காலால் தரையை உந்தி நடக்கும், பிறகு ஓடும், கொஞ்ச நாளில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு சர்ரென்று போகும். புது ஐட்டம் போலத் தெரிந்தாலும், சைக்கிளின் முன்னோடியே இப்படித்தான் இருந்தது. 1817 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் ஓட்டிச் சென்ற மர வண்டியில் பெடல் இல்லை. காலால் உந்தித்தான் போனார். பெடல் வைத்த வண்டிகள் பாரிஸில் பிரபலமானது 1860-களில்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்து குரங்குப் பெடல் போட்ட தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள். இடது பெடலில் ஒரு காலை வைத்து, இன்னொரு காலால் தரையை உந்தி உந்தி ஓடியதுதான் அவர்களில் பலருக்கு முதல் பாடம். பேலன்ஸ் வந்த பிறகுதான் பெடல்.

சைடு வீல் இந்த வரிசையைத் தலைகீழாக்கி விடுகிறது. ஓடும் சைக்கிள் இடது பக்கம் சாய்ந்தால், ஹேண்டிலையும் இடது பக்கம் லேசாகத் திருப்பித்தான் நிமிர்கிறோம். யோசித்துச் செய்வதில்லை, உடம்பு கற்றுக்கொண்ட பழக்கம் அது. சைடு வீல் மாட்டினால் சைக்கிள் சாய்வதற்கே இடமில்லை. குழந்தை பெடல் சுற்றப் பழகும், ஆனால் கஷ்டமான பாடம் அப்படியே பாக்கி இருக்கும். போர்ச்சுகலில் நடந்த ஓர் ஆய்வில், பேலன்ஸ் பைக்கில் பழகியவர்கள் சராசரியாக 4 வயதை ஒட்டியும், சைடு வீலில் பழகியவர்கள் 6 வயதை ஒட்டியும் சைக்கிளைத் தனியாக ஓட்டக் கற்றிருந்தார்கள்.

டேப்பை எடுங்க

ஆர்டர் போடுவதற்கு முன் இரண்டு நிமிஷ வேலை. குழந்தைக்கு ஷூ போட்டு, சுவரில் முதுகு ஒட்டி நிற்க வையுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து, மெதுவாக மேலே தூக்குங்கள். அது முட்டும் இடத்துக்கும் தரைக்கும் உள்ள உயரம்தான் உங்களுக்கு வேண்டிய எண். சீட் அதைவிட 2 அல்லது 3 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். அதாவது, அளவு 35 என்றால், சீட்டை 32-க்கு இறக்க முடிகிற பைக்தான் சரி. உட்காரும்போது இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்து, முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும்.

ஆன்லைனில் பார்க்கும்போது 'குறைந்தபட்ச சீட் உயரம்' என்ன என்று தேடுங்கள். 12 இன்ச் சக்கரம் என்று எழுதியிருந்தாலும் அந்த உயரம் மாடலுக்கு மாடல் மாறும். அந்த எண்ணையே போடாத விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

அடுத்தது எடை. குழந்தையின் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. 12 கிலோ குழந்தைக்கு 4 கிலோ. அதற்கு மேல் போனால் விழுந்த வண்டியைக் குழந்தையால் தானே தூக்க முடியாது. பார்க்கில் இருந்து வீடுவரை அதைச் சுமக்கப் போவது யார் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள்!

டயரில் ஃபோம், காற்று என இரண்டு வகை. ஃபோம் டயருக்குப் பஞ்சர் பயம் இல்லை, எடையும் குறைவு. ஆனால், ஈரமான டைல்ஸில் வழுக்கும். குண்டும் குழியுமான தெருவில்தான் ஓட்டப் போகிறார்கள் என்றால் காற்று டயர்தான் பெட்டர். பிரேக்? 3 வயதுக்குள் அந்தப் பிஞ்சு விரல்களால் லீவரைச் சரியாக அழுத்த முடியாது, கால்தான் பிரேக். அதற்காகத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம்.

ஒரு முக்கியமான விஷயம். 1 வயதுக் குழந்தைகளுக்கு என்று மூன்று, நான்கு சக்கரம் வைத்த குட்டி வண்டிகளும் 'பேலன்ஸ் பைக்' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. விளையாட ஜாலியாக இருக்கும். ஆனால், சாயாத வண்டியில் பேலன்ஸ் வராது. இந்தியாவில் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதால், பொம்மை என்று விற்கப்படும் வண்டியில் அதையும் பார்த்து வாங்குங்கள்.

பார்க்கிங் சரிவு வேண்டவே வேண்டாம்

அப்பார்ட்மென்ட்டில் கார் ஏறி இறங்கும் சரிவுதான் பெரிய ஆபத்து. சரிவில் வேகம் பிடித்தால் காலால் நிறுத்த முடியாது, கீழே வளைவில் வரும் கார் டிரைவருக்கு இவ்வளவு உயரக் குழந்தை தெரியவும் தெரியாது. சமதளம், கார் வராத இடம், ஹெல்மெட், விரலை மூடிய ஷூ - இந்த நாலும் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் உட்கார வேண்டும்.

பின்னால் இருந்து தள்ளுவதும், ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டே ஓடுவதும் வேண்டாம். முதல் ஒரு வாரம் குழந்தை வண்டியில் உட்காராமல், நின்றபடி தள்ளிக்கொண்டே திரியலாம். திரியட்டும்.

3 அல்லது 4 வயது ஆகிவிட்டது, வீட்டில் ஏற்கெனவே குட்டி சைக்கிள் இருக்கிறது என்றால், புதுசு வாங்கவே தேவையில்லாமல் போகலாம். சைடு வீலையும் பெடல்களையும் கழற்றி, சீட்டை முழுசாக இறக்கிப் பாருங்கள். பாதம் பதிந்தால் அதுவே பேலன்ஸ் பைக். ஸ்டீல் வண்டி என்றால் எடை கொஞ்சம் கூடுதலாக இருக்கும், பெடல் மாட்டும் கம்பி கெண்டைக்காலில் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கழற்றும்போது ஒன்று கவனம்: வலது பெடல் வழக்கம்போல இடஞ்சுழியாகக் கழலும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கினால் இன்னும் இறுகிவிடும். பெடல்களைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். காலைத் தூக்கிக்கொண்டு பத்தடி தூரம் போக ஆரம்பித்துவிட்டால், அவற்றைத் திரும்ப மாட்டலாம். சைடு வீலை மட்டும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம்.