கொடைக்கானல் காட்டேஜில் விருந்தாளி கையில் வீட்டுச் சாவி!
காமிரா இருந்தும் காவல் இல்லை, ரூட்டரைக் கவனியுங்கள்

கொடைக்கானல்:
வாசலில் காமிரா. கதவில் எண் பூட்டு. செல்போனைத் தட்டினால் எரியும் பல்பு, சூடாகும் கெய்சர். முதலாளி மதுரையில் உட்கார்ந்துகொண்டே, 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானல் காட்டேஜை நடத்தும் காலம் இது!

இத்தனைக்கும் வாசல் ஒன்றுதான். அலமாரி மேல் விளக்கு மினுக்கும் "வைபை" ரூட்டர் பெட்டி. அந்த வாசல் பல இடங்களில் திறந்தே கிடக்கிறது!

அறை எடுப்பவர் பெட்டியை இறக்கியதும் கேட்பது, "வைபை பாஸ்வேர்டு என்னங்க?" உடனே சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். காமிராவும் பூட்டும் ஓடுவது அதே இணைப்பில்தான். போன சீசனில் வந்து போனவரிடமும் அந்தச் சீட்டு இருக்கும். வேலி ஓரம் நின்றாலே அவர் உள்ளே புகலாம். காமிராவும் கம்பெனி போட்ட பாஸ்வேர்டிலேயே இருந்தால், வருவோர் போவோரை உட்கார்ந்த இடத்திலிருந்து வேவு பார்க்கலாம்!

உலகை உலுக்கிய காமிராக்கள்

"அட, காமிராவில் என்னய்யா ஆபத்து?" என்கிறீர்களா?

2016 அக்டோபர் 21-ல் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்பிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் முடங்கின. தாக்கியவை வீட்டுக் காமிராக்களும் ரூட்டர்களும்தான்! "மிராய்" என்ற நாசகார நிரல், கம்பெனி போட்ட 60-க்கு மேற்பட்ட பாஸ்வேர்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, திறந்தவற்றை எல்லாம் அடிமையாக்கியது. அதை உருவாக்கிய 3 வாலிபர்கள் 2017-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

என்ன செய்யலாம்?

செலவில்லாத வழி உண்டு. இன்றைய ரூட்டர்கள் பலவற்றில் "கெஸ்ட்" இணைப்பு என்று ஒன்று இருக்கிறது. விருந்தாளிக்கு அதை மட்டும் கொடுங்கள். ஆள் மாறினால் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். காமிரா, பூட்டு, பல்பு எல்லாம் தனி இணைப்பில் இருக்கட்டும். ரூட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டு "அட்மின்" என்றே இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

இன்னொரு தொல்லை நெரிசல். மலிவு ரூட்டர்கள் சில 20, 30 கருவி சேர்ந்ததுமே திணறும். பல்பும் பிளக்கும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே பேசும். டி.வி.யையும் செல்போனையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் நெரிசல் குறையும். ஓயாமல் படம் அனுப்பும் காமிராவுக்கு ஒயர் இழுப்பதே மேல். பழைய பங்களாக்களின் தடித்த கல் சுவரைத் தாண்ட அலை திணறும். ஆகவே பெட்டி மூலையில் இல்லாமல் நடு வீட்டில் இருக்கட்டும். மழை, காற்றில் கரண்டு போனால் காமிராவும் ரூட்டரும் சேர்ந்தே கண் மூடும். இரண்டுக்கும் யு.பி.எஸ். தேவை.

காமிராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024-ல் உத்தரவிட்டது. ஆனால் முன்பே சுவரில் ஏறிவிட்ட காமிராவுக்குச் சொந்தக்காரர்தான் காவல்.

இணையக் குற்றம் நடந்துவிட்டால் 1930-க்குப் போன் செய்யுங்கள். அதற்கு முன், சுவரில் ஒட்டிய அந்தச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள்!